உஷார்! டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்கு இல்லை

லடாக் போய் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களே, 2027 ஆகஸ்டில் வரும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் ஓட்டத்துக்கு இப்போதே தயாராகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். கர்துங் லா கணவாயின் ஏற்றம் உங்களை மடக்குவதற்கு முன்னால் விமான நிலையத்து செக்-இன் கவுன்டர் மடக்கிவிடலாம். விடியற்காலை விமானம். டாக்ஸியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்த பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து வரிசையில் நிற்கிறீர்கள். ஊழியர் பெட்டியை நீளவாக்கில் ஒருமுறை பார்க்கிறார், யாருக்கோ போன் போடுகிறார், பிறகு சொல்கிறார்: "சார், இந்த ஃப்ளைட்ல இது போகாது." உங்களைக் கொண்டுவிட்டவர் வீட்டுக்குத் திரும்பியாகிவிட்டது. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஊழியரிடம் எவ்வளவு சத்தம் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் உங்கள் கையில் சைக்கிளுக்கென்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நீங்கள் வாங்கிய டிக்கெட் ஓர் இருக்கைக்கும் குறிப்பிட்ட கிலோ சாமானுக்கும் மட்டுமே. உள்நாட்டு விமானங்களில் சாதாரணக் கட்டணத்துக்குப் பெரும்பாலும் 15 கிலோ. சாமானின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக உள்ள அளவு. சைக்கிள் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி நீளத்தில் மட்டுமே 140 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். ஆக, பெட்டி எடையில் தேறினாலும் அளவில் தேறாது. விளையாட்டுச் சாமான் என்ற பிரிவில் சேர்த்து, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, 'இடம் இருந்தால்' ஏற்றுவார்கள். அந்த 'இடம் இருந்தால்' என்ற இரண்டு சொல்லில்தான் உங்கள் மொத்தப் பயணமும் தொங்குகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் லீவு போட்டு, ஓட்டல் பிடித்து, பணம் கட்டியபின் கவுன்டரில் தெரிந்துகொள்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். பெட்டியின் மூன்று அளவுகள், எடை, விமான எண், தேதி எல்லாவற்றையும் போட்டு, ஏற்றிக்கொள்வீர்களா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். டிக்கெட் எடுத்த அன்றே உங்கள் பி.என்.ஆர். எண்ணில் சைக்கிளைச் சேர்க்கச் சொல்லி, சேர்த்தாயிற்று என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். கஸ்டமர் கேரில் பேசிய பெண் "ஓ.கே. சார்" என்று சொன்னதெல்லாம் கவுன்டரில் செல்லாது. இணையத்தில் டிக்கெட் விற்கும் இடைத்தரகு நிறுவனத்தாலும் இந்த உறுதியைத் தர முடியாது. ஒரு நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கும் கோட்ஷேர் என்றால், உண்மையில் பறக்கும் நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். இந்த எழுத்துறுதியைப் போகும் வழிக்கு மட்டும் வாங்கினால் போதாது, திரும்பும் வழிக்கும் வாங்குங்கள். கூடுதல் கிலோவை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுன்டரைவிடக் குறைவாக முடியும். ஆனால் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் எடுப்பதில்லை. தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்கும் வரம்பு அது. நியாயமானதும்கூட.

விமானம் எது என்பதையும் பாருங்கள். சேலம் போன்ற சிறிய நிலையங்களுக்கும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பறப்பது ஏ.டி.ஆர். 72. எழுபது சொச்சம் பேர் உட்காரும் விசிறி விமானம். அதன் சரக்கு அறை சிறியது, பயணிகள் நிறைந்துவிட்டால் பெரிய பெட்டிக்கு இடம் கிடைப்பது சந்தேகம். இலங்கையின் வடமாகாணத்தைச் சைக்கிளில் சுற்ற நினைத்து யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையத்துக்குப் பறக்கிறவர்கள் இதை முதலில் கேட்டாக வேண்டும். பெரிய ஜெட் என்று நினைத்து டிக்கெட் எடுத்தபின் நிறுவனம் விமானத்தை மாற்றுவதும் உண்டு. கிளம்பும் முந்தின நாள் இன்னொரு முறை பாருங்கள்.

லடாக்கின் லே விஷயம் வேறு. அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், என்ஜினுக்கும் உந்துவிசை குறையும். வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெல்லியதாகும். அதனால்தான் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. அதனால்தான் கோடையில் லேயிலிருந்து கிளம்பும் விமானம் ஏற்றக்கூடிய எடையும் குறைந்துவிடுகிறது. எடை மிஞ்சினால் எதை இறக்குவார்கள்? பெரும்பாலும் பயணியை இறக்க மாட்டார்கள், சாமானைத்தான் இறக்குவார்கள். சைக்கிள் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வரும். டில்லியில் இறங்கி அன்றே சென்னைக்கு இன்னொரு விமானம் பிடிக்கிற திட்டம் போடாதீர்கள், அதுவும் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுக்கவே எடுக்காதீர்கள். தனி டிக்கெட் என்றால் டில்லியில் பெட்டியை நீங்களே எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி அதே 'இடம் இருந்தால்' என்ற பதிலுக்காக நிற்க வேண்டும்.

பாரிஸ் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து, இன்னும் பெரிதாக. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஓட்டம். அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று பிரெவே எனப்படும் நான்கு தகுதி ஓட்டங்களை முடித்தால்தான் இடம். பிறகு 90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர். இத்தனையும் கடந்து வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறும்போது, நீங்கள் ஓடிப்போய் ஏறிவிடுவீர்கள், பெட்டி ஓடாது. ஒரு மணி நேர இணைப்பை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் போய்ச் சேருங்கள். ஷூ, ஹெல்மெட், ஜெர்சி, சைக்கிள் கணினி இவற்றைக் கைப்பையில் வையுங்கள். சைக்கிள் வரவே இல்லை என்றால் வாடகைச் சைக்கிளில் ஏற அவையாவது மிஞ்சும்.

பேட்டரி: இதில் சமாதானம் இல்லை

இனி சொல்லப்போவது பணத்தையும் லீவையும் விடப் பெரிய விஷயம். மின்சைக்கிளை விமானத்தில் கொண்டுபோக நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வாட் அவர் வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360. பயணிகள் விமானத்தில் 100 வாட் அவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் பயணியின் சாமானாகக் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. சந்தையில் உள்ள மின்சைக்கிளில் மிகச் சிறிய பேட்டரிகூட பெரும்பாலும் இந்த 160-ஐத் தாண்டிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் மின்சக்கர நாற்காலிக்குத் தனி விதி இருக்கிறது. அதைக் காட்டிச் சைக்கிளுக்கு வாதாட வழியில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளைக் கொண்டுபோகலாமா என்றால், அதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மோட்டாரைப் பார்த்ததும் நிறுத்திவைக்கும் சோதனையாளர்கள் உண்டு.

பேட்டரியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் மறைத்தால் யாருக்குத் தெரியும் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். லித்தியம் அயன் பேட்டரியின் உள்ளே ஒரு செல் சூடேறினால் அடுத்த செல்லைச் சூடேற்றும், அது அடுத்ததை. தீ ஒருமுறை பிடித்தால் சரக்கு அறையில் இருக்கும் ஹேலான் என்ற தீயணைப்பு வாயுவால் அந்தத் தொடர் வினையை நிறுத்த முடியாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சரக்கில் இருந்த லித்தியம் பேட்டரிகளில் பற்றிய தீதான் அதற்குக் காரணம். 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றவே உலகம் முழுக்கத் தடை வந்தது. 2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவின் பூசானில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்துபோனது. தலைக்கு மேல் உள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கும் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். விமானம் தரையில் நின்றதால் எல்லாரும் பிழைத்தார்கள். அதே தீ 35,000 அடியில், யார் கையும் எட்டாத சரக்கு அறைக்குள், உங்கள் சைக்கிள் பெட்டியில் பற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்களில் உங்கள் குழந்தையும் இருக்கலாம்.

சாதாரண சைக்கிள்காரர்களும் இதில் தப்பவில்லை. சீட்டுக்கு அடியில் மாட்டும் சிறு பையைப் பெட்டிக்குள் அப்படியே போட்டுவிடுகிறோம். அதற்குள் ஒரு பவர் பேங்க், ஒரு உதிரி லைட் பேட்டரி. எக்ஸ்ரேயில் தெரிந்ததும் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களைத் தேடுவார்கள். நீங்கள் கேட்டில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால் விமானம் பெட்டி இல்லாமல் போய்விடும். பவர் பேங்க், உதிரி பேட்டரி, கழற்றக்கூடிய கியர் பேட்டரி எல்லாம் கைப்பையில் போக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. ஸ்ராம் ஏ.எக்ஸ்.எஸ். வகை எலெக்ட்ரானிக் கியரில் பேட்டரி சுலபமாகக் கழலும், கழற்றிவிடுங்கள். ஷிமானோ டி.ஐ.2 வகையில் ஃபிரேமுக்குள் பொருத்திய பேட்டரி மிகச் சிறியது, அது அப்படியே இருக்கலாம்.

காற்றடிக்கும் கார்பன் டை ஆக்ஸைடு குப்பியும் வில்லங்கம்தான். விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதை எடுத்துப்போகக் கூடாது, அனுமதி வாங்கினாலும் சோதனையில் பிடுங்கிக்கொள்வது சகஜம். கைப் பம்ப் கொண்டுபோங்கள். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே, ஸ்டவ் கேஸ் குப்பி இரண்டுக்கும் எங்கேயும் இடமில்லை. அல்லன் கீ, மல்டி டூல், செயின் டூல் இவை கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், அவற்றைப் பெட்டியில் போடுங்கள்.

பெட்டிக்குள் எது உடைகிறது

சைக்கிள் பெட்டியை நிமிர்த்தி வைப்பார்கள் என்று நம்பிக் கட்டாதீர்கள். படுக்கப் போடுவார்கள், அதன்மேல் சூட்கேஸ்கள் ஏறும். 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் காப்பாற்றும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. பக்கவாட்டில் நூறு கிலோ அழுத்தினாலும் தாங்குமா என்று கேட்டுக்கொண்டே கட்டுங்கள்.

முதலில் வளைவது பின்பக்க கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு. அது சில மில்லிமீட்டர் வளைந்தாலே கியர் ஸ்போக்கில் போய் மாட்டும், ஓடும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கியரைக் கழற்றி, துணியில் சுற்றி, சக்கரத்தின் பக்கம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு, லேயில் உங்களுக்குப் பொருந்துவது கிடைக்காது. உதிரி ஒன்றைச் சென்னையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஃபோர்க். முன்சக்கரத்தைக் கழற்றியபின் அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால், ஒரு சூட்கேஸ் விழுந்தாலே உள்நோக்கி நசுங்கும். புதுச் சைக்கிள் வரும்போது அதில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு மாட்டி வரும். சைக்கிள் கடைகளில் அதைக் குப்பையில் போடுகிறார்கள். காலி அட்டைப் பெட்டி கேட்கப் போகும்போது அதையும் கேளுங்கள். பின்பக்கத்துக்கும் ஒன்று வேண்டும்.

டிஸ்க் பிரேக் என்றால் தட்டுகளைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வளைந்து வரும். காலிப்பருக்குள் ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். வழியில் யாராவது பிரேக் லீவரை அமுக்கிவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஊருக்குப் போய் பிரிக்கப் படாதபாடு பட வேண்டும். பெடல் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்து, முழு பலத்தோடு இறுக்கிவிடாதீர்கள். ஃபிரேம் குழாய்களுக்கு, ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு ஃபோமைப் போல மலிவான காப்பு வேறில்லை.

டயரில் காற்றை முழுசாக இறக்கச் சொல்லுவார்கள். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம் என்று வைத்தாலும் டயருக்குள்ளும் வெளியேயும் வித்தியாசம் நான்கு பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் கூடும். டயர் வெடிக்காது. ஆனாலும் கவுன்டரில் இயற்பியல் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். பாதிக்கு மேல் இறக்கிவிடுங்கள், ரிம் அடிபடாத அளவுக்குக் கொஞ்சம் விட்டு வையுங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் இதில் இன்னும் கவனம். மொத்தக் காற்றும் போனால் டயர் விளிம்பு ரிம்மை விட்டு விலகும், உள்ளே இருக்கும் சீலன்ட் பெட்டி முழுக்க ஒழுகும்.

பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறப்பார்கள் என்று எண்ணியே மூடுங்கள். பத்து சுற்று டேப் ஒட்டிய பெட்டியைக் கத்தியால் கிழித்துத் திறந்து, உள்ளிருந்ததைக் கண்டபடி திணித்து அனுப்பும்போதுதான் பாதிச் சேதம் நடக்கிறது. இரண்டு பெல்ட், கொஞ்சம் டேப் போதும். உள்ளே எது எங்கே இருந்தது என்ற படத்தை அச்செடுத்து மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஏர்டேக் போன்ற ஒரு டிராக்கரையும் போட்டு வையுங்கள். மூடுவதற்கு முன் ஃபிரேம், ஃபோர்க், சக்கரம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் விலையுயர்ந்த சைக்கிளுக்குப் புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது தீர்வை கேட்டு நிறுத்த மாட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் டயரில் ஒட்டிய நம் ஊர் மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போங்கள், அங்கே அதற்குக் கெடுபிடி அதிகம்.

அந்தக் கையெழுத்து

பெட்டியை எடுத்துக்கொள்ளும்போது பல நிறுவனங்கள் ஒரு சீட்டை நீட்டும். உடையும் பொருள், சரியாகக் கட்டவில்லை, சேதமானால் பொறுப்பில்லை என்று அதில் கட்டங்கள் இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது, நாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். படியுங்கள். சரியாகக் கட்டவில்லை என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால், பெட்டியைக் காட்டி, அதை அடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு என்று வரும்போது கிடைப்பது எவ்வளவு தெரியுமா? உள்நாட்டுப் பயணத்தில் சாமானுக்கான உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். இரண்டு லட்சம் ரூபாய் கார்பன் சைக்கிள் இரண்டு துண்டாக வந்தாலும் அதுதான். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். 2024 டிசம்பர் 28 முதல் அதன் வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். அதுவும் உச்சவரம்புதான், கேட்டதும் எண்ணிக் கொடுக்கும் தொகை இல்லை. பொருளின் மதிப்பைச் செக்-இன்னிலேயே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் இந்த வரம்பு உயரும் என்று அதே உடன்படிக்கையில் வழி இருக்கிறது, ஆனால் கவுன்டர் ஊழியர் பலருக்கு அது தெரியாது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பயணக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பாலிசியில் ஒரே பொருளுக்கான வரம்பு எவ்வளவு, விளையாட்டுச் சாமான் விலக்கா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

இறங்கியபின் செய்ய வேண்டியதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய சாமான் சுற்றும் பெல்ட்டில் வராது, பக்கத்தில் ஒரு கதவு வழியாக வரும். களைப்பு, வெளியே டாக்ஸி காத்திருக்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். போகாதீர்கள். அந்த அறையிலேயே திறந்து பாருங்கள். பெட்டியில் ஓட்டை, நசுங்கல், டேப் கிழிந்த தடம் எது இருந்தாலும் படம் எடுத்து, பி.ஐ.ஆர். என்று சொல்லும் சேத அறிக்கையை அங்கேயே எழுதி வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால், வழியில் நீங்களே போட்டு உடைத்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது என்பதற்காக உடனே ஏறி மிதிக்கவும் வேண்டாம். கார்பனுக்குள் விழும் விரிசல் சில சமயம் வெளியே ஒரு மயிரிழைக் கோடாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. லேயிலிருந்து 5,359 மீட்டர் கர்துங் லா வரை ஜீப்பில் ஏற்றிப்போய், அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் இறக்கத்தில் விடுகிறார்கள். அந்த வேகத்தில், அந்தச் சாலையில், ஃபோர்க் விட்டுக்கொடுத்தால் பிழைக்க வழியில்லை. ஃபோர்க்கை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பாருங்கள், நகத்தில் எங்காவது தட்டுகிறதா என்று பாருங்கள். குழாய்களை நாணயத்தால் தட்டுங்கள், ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால் ஏறாதீர்கள். ஹேண்டில்பார் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்காமல் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், பெரும்பாலான ஸ்டெம்களுக்கு 5 நியூட்டன் மீட்டர் அளவு, உங்கள் ஸ்டெம்மின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். சக்கரத்தின் ஆக்ஸில் பூட்டியிருக்கிறதா, தட்டு பேடில் உரசுகிறதா, பிரேக் முழு பலத்தோடு பிடிக்கிறதா என்று சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபின்தான் மலைக்குப் போகலாம்.

விரிசல் அன்றைக்குத் தெரியாமல் மூன்றாம் நாள் தெரிந்தாலும் வழி மூடிவிடவில்லை. வெளிநாட்டுப் பயணத்தில், சேதம் என்றால் சாமான் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதம் என்றால் கைக்கு வந்த 21 நாளுக்குள். 21 நாளாகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். உள்நாட்டுப் பயணத்துக்கும் ஏழு நாளையே எல்லையாக வைத்துக்கொண்டு எழுதிவிடுங்கள், தாமதித்து லாபம் இல்லை. புகாரோடு போர்டிங் பாஸ், பேக்கேஜ் டேக், சைக்கிள் வாங்கிய பில், கட்டுவதற்கு முன் எடுத்த படங்கள், கடைக்காரர் எழுதித் தரும் சேத மதிப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் என்றால் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்த ஏழு நாளைத் தவறவிட்டவருக்கு அந்த இரண்டு ஆண்டு உதவாது.